கொய்யா இலை

"என் கையில என்னுங்க சாமி குறை?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

தம்பிரான் சாமி கொய்யா மரத்தடியில் நின்று ஒரு இலையைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம் அது. மடத்துக்குப் பெரியவர் என்றால் அவர்தான். காவி கட்டியவர். மயிலாத்தாளின் மகனைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவள் மனசு அவரைத்தான் குரு என்று பிடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் போய் வெகுகாலம். மகனும் வருவதை நிறுத்திய பிறகு, சமைத்ததைச் சாப்பிட ஆளில்லாத அடுப்படியில் அவளால் உட்கார முடியவில்லை. நாமக்கல் வீட்டைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு இங்கே வந்துவிட்டாள். மடத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மத்தியானச் சாப்பாடு இப்போது அவள் கையால்தான்.

"நான் கேட்டது காதுல விழுந்துச்சுங்களா?"

"விழுந்துச்சும்மா. குறைன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலீங். வர்றவங்க போறவங்க எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க. பெத்த பையன்தான் சாப்பிட மாட்டேங்கறான்."

தோட்டக்காரன் செங்கோடன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தான்.

"அம்மா வந்த பொறவு சாமி இடுப்புக் கயித்தை ரெண்டு தடவை தளத்திக் கட்டியாச்சுங்க. இந்தக் கையிலயா குறை?"

"நீ சும்மா இரு செங்கோடா. உன்ர வயித்தைக் குனிஞ்சு பாரு மொதல்ல. கால் தெரியுதான்னு சொல்லு."

செங்கோடன் குனிந்து பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

சாமிக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் மயிலாத்தாள் திரும்பச் சொன்னாள்.

மகன் பெயர் சென்னியப்பன். ஓசூரில் வேலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் மனைவி யோகாவையும் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றான். மயிலாத்தாளுக்குக் கை கால் ஓடவில்லை. "உக்காருங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள்தான். அரிசிம்பருப்புச் சோறு வைத்தாள். சந்தகை பிழிந்தாள். தேங்காய்ப்பால் எடுத்தாள். ஒப்புட்டு தட்டினாள். இலையைப் போட்டாள்.

ரெண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்கள். அவன் ரெண்டு வாய் தின்றான். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரு பருக்கை உள்ளே போகவில்லை.

மயிலாத்தாள் நெய் கொண்டுவந்தாள். போய் ரசம் கொண்டுவந்தாள். போய் அப்பளம் கொண்டுவந்தாள். கடைசியில் கையில் கரண்டியோடு நின்று கேட்டுவிட்டாள்.

"என்ர கைச்சோறு கசக்குதா? மகராணிக்குத் தொண்டையில எறங்கலையாக்கும்."

யோகா இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். அன்றைக்குச் சாயந்திரமே பஸ் ஏறிவிட்டார்கள். அதற்கப்புறம் வரவில்லை. போன் மட்டும் எப்போதாவது வரும். நல்லாருக்கியா, நல்லாருக்கேன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அதோடு சரி.

"அந்த வார்த்தையச் சொல்லியிருக்கக் கூடாதுங். எனக்கே தெரியுது. ஆனா எதுக்குங்க சாமி சாப்பிடாம இருந்தாங்க? அது ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கலீங்."

தம்பிரான் சாமி கொய்யாக் கொப்பு ஒன்றை மெதுவாக ஒடித்தார். அதை அவள் கையில் கொடுத்தார்.

இலையின் அடியில் ஒரு புழு. விரல் நகத்தளவுகூட இல்லை. கறுப்பாக, மேலெல்லாம் முள் முள்ளாக.

"ஐயே, புழுவுங்க."

"ஆமாம்மா."

"சாமிக்கு நைவேத்தியம் வைக்கிற கையுங்க இது."

"பசிக்குதும்மா அதுக்கு."

அந்த ஒரு வார்த்தைக்கு மயிலாத்தாள் யாரிடமும் மறுத்துப் பேசினதில்லை.

"எது வரைக்கும்ங்க பாத்துக்கணும்?"

"அது போதும்ங்கற வரைக்கும்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

*

அடுப்படிக்கு வெளியே, கூரை நிழலில், ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதற்குள் கொப்பை வைத்தாள். வாடாமல் இருக்கக் காம்பை ஒரு சொம்புத் தண்ணீரில் நிறுத்தினாள்.

முதல் ரெண்டு நாள் அருவருப்பாகத்தான் இருந்தது. அப்புறம் எப்போது அது போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

விடிந்ததும் குளித்து விளக்கேற்றி, நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு நேரே கூடைக்குத்தான் வருவாள். "எந்திரிச்சிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே புது இலை வைப்பாள். மழை பெய்திருந்தால் ஒவ்வொரு இலையையும் முந்தானையில் துடைத்துத்தான் வைப்பாள். ஈர இலை தின்றால் சளி பிடிக்கும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

ஒருநாள் புழு அசையாமல் கிடந்தது. இலையைத் தொடவில்லை. மயிலாத்தாள் கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டுச் சாமியிடம் ஓடினாள்.

"சாமி, சாப்பிட மாட்டேங்குதுங்."

"சட்டை மாத்துதும்மா. விட்டுடுங்க."

மறுநாள் பழைய தோல் பின்னால் சுருண்டு கிடந்தது. புதுத் தோலோடு வந்த புழு, முதல் வேலையாகத் திரும்பி அந்தப் பழைய தோலைத் தின்றது. அப்புறம்தான் இலைக்கு வந்தது.

"கெட்டிக்காரன்தான்" என்றாள் மயிலாத்தாள். "எதையும் வீணாக்கறதில்லை."

கறுப்பு போய் வெள்ளைக்கு மாறியது. மேலே மாவு தூவினதுபோல் ஒரு பொடி. அதற்குள்ளே இளம்பச்சை. அரிசி மாவில் புரட்டி எடுத்த பலகாரம்போல இருந்தது. ஒவ்வொரு சட்டை மாற்றினதும் ஒரு சுற்றுப் பெருத்தது. சுண்டுவிரல் ஆனது, நடுவிரல் ஆனது. அப்புறம் கட்டைவிரலைவிடத் தடியாகிக் கொப்பையே வளைத்தது.

அது தின்கிற அழகு இருக்கிறதே, அதை அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். இலையின் ஓரத்தைப் பிடிக்கும். தலையை மேலிருந்து கீழே ஒரு இழுப்பு. மறுபடி மேலே போய் இன்னொரு இழுப்பு. நடு நரம்பு வரைக்கும் வந்து, அந்த நரம்பையும் தின்றுவிட்டுத்தான் அடுத்த இலை. காதைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தால் சத்தம்கூடக் கேட்கும். கறுக் கறுக் என்று ஒரு சின்னச் சத்தம்.

சென்னியும் தோசையை அப்படித்தான் தின்பான்.

முதலில் ஓரம். முறுகின ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தின்று, நடுவில் வட்டமாக ஒரு துண்டு மிச்சம் வைப்பான். அதை நாலாக மடித்து ஒரே வாயில் போட்டுவிட்டுத் தட்டை நீட்டுவான். "இன்னும்?" என்று கேட்பான். "இன்னும் இருக்கா" என்று கேட்கமாட்டான். இருக்கும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது.

அப்போது அவர்கள் இருந்தது வாடகை வீடு. சமையல்கட்டு பின்பக்கம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை முன்வாசல் வழியாக வந்ததே இல்லை. சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பின்கதவுக்குத்தான் வருவான். புத்தகப் பை முதுகில் இருக்கும்போதே கை சட்டிக்குள் இருக்கும். பொட்டுக்கடலை வைத்த டப்பாவை அவள் எங்கே மாற்றி வைத்தாலும் கண்டுபிடிப்பான். அரிசிம்பருப்புச் சோறு வைத்தால் அடிப்பிடித்ததைச் சுரண்டித் தர வேண்டும். அதற்காகவே அடி பிடிக்கட்டும் என்று அவள் கொஞ்சம் விட்டு வைப்பாள். மழை நாளில் அடுப்புக்கு முன்னால் குந்திக்கொண்டு, கச்சாயம் எண்ணெயில் புரளுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். சூட்டோடு எடுத்து ஊதி ஊதித் தின்பான். நாக்கைச் சுட்டுக்கொண்டு அழுவான். அழுதுகொண்டே இன்னொன்றுக்குக் கை நீட்டுவான்.

புடவைத் தலைப்பில் அவன் வாயைத் துடைத்துவிடுவாள். அந்த நாளில் அவள் புடவைக்கெல்லாம் ஒரே ஓரத்தில்தான் கறை.

"என்னம்மா, தனியாச் சிரிக்கறீங்க?" என்றான் செங்கோடன். அவன் இலை பறித்துக்கொண்டு வந்திருந்தான்.

"ஒண்ணுமில்லை. ஏன் முத்தல் இலையாப் பறிச்சுட்டு வந்தே? அந்தப் பக்கத்துக் கொப்புல தளிர் இருக்கும் பாரு."

"புழுவுக்குத் தளிரு. எனக்குப் பழைய சோறு. என்ர நேரம்."

"நீயும் கூடைக்குள்ள வந்து படு. உனக்கும் போடறேன்."

*

ஆடி முடிகிற சமயத்தில் ஒருநாள் அது தின்பதை நிறுத்தியது.

மயிலாத்தாள் இந்தத் தடவை ஓடவில்லை. சட்டை மாற்றுகிறது என்று நினைத்தாள். ஆனால் அது சும்மா கிடக்கவில்லை. கொப்பில் மேலும் கீழும் அலைந்தது. வைத்த தளிரை மிதித்துக்கொண்டு போனது. தின்னவில்லை.

அப்புறம் ஒரு இலையைத் தேர்ந்தெடுத்தது. வாயிலிருந்து நூல் விட்டு அந்த இலையைத் தன்மேல் இழுத்து மூடிக்கொள்ள ஆரம்பித்தது.

மயிலாத்தாளுக்கு மனசு கேட்கவில்லை. மூடுவதற்குள் ஒரு இளந்தளிரைச் சுருட்டி அந்தச் சந்துக்குள் செருகினாள். உள்ளே இருந்து அது தளிரைத் தள்ளிவிட்டது. இவள் மறுபடி செருகினாள். அது மறுபடி தள்ளியது.

பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம். சாமி நின்றிருந்தார்.

"போதும்ங்குதும்மா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே."

"கதவைச் சாத்திக்குதே, அதுக்கு மேல எப்படிச் சொல்லும்?"

மறுநாள் காலையில் பழுப்பு நிறத்தில் ஒரு கூடு தொங்கியது. சருகு சுருண்டு கிடக்கிறதுபோலத்தான் இருந்தது. தெரியாதவர்கள் பார்த்தால் குப்பை என்று எடுத்துப் போடுவார்கள். சாமி அந்தக் கொப்பை அப்படியே கொண்டுபோய்க் கொய்யா மரத்தின் தாழ்ந்த கிளையில் நூல் போட்டுக் கட்டினார்.

மயிலாத்தாளுக்கு விடியற்காலையில் என்ன செய்வதென்று தெரியவில்லை. கால் பழக்கத்தில் கூடைக்கே போகும். காலிக் கூடையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். கொஞ்ச நாள் கழித்து அந்தக் கூடையில் வெங்காயம் கொட்டி வைத்தாள்.

மரத்தடிக்குப் போய்க் கூட்டை லேசாக இரண்டு விரலால் பிடித்துப் பார்ப்பாள். உள்ளே கனமாக ஏதோ ஒன்று புரளும். "இருக்கியா?" என்று கேட்பாள். பிரார்த்தனையில் அதற்கும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள். சென்னி பெயர், யோகா பெயர், அப்புறம் பெயரில்லாத இந்த ஜீவன்.

*

புரட்டாசி பிறந்த பிறகு போன் வந்தது.

"வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வர்றேம்மா" என்றான் சென்னியப்பன். "மத்தியானம் வந்து பாக்கறேன்."

"யோகா?"

"இல்லை. நான் மட்டும்தான்."

"என்ன சமைக்கட்டும்?"

"எதுவும் வேண்டாம்மா. சும்மா பாக்கறதுக்குத்தான்" என்றான். போன் நின்றுவிட்டது.

மயிலாத்தாள் சாமியைத் தேடிக்கொண்டு போனாள். அவர் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஏதோ பழைய புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

"வர்றானுங்க சாமி. வெள்ளிக்கிழமை."

"சந்தோஷம்மா."

"இந்தத் தடவையும் சாப்பிடாமப் போனான்னா, இனி எந்தக் காலத்துக்கும் வரமாட்டானுங்க. எனக்குத் தெரியும். என்ன செஞ்சு போட்டாச் சாப்பிடுவான்? நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

சாமி கண்ணாடியைக் கீழே வைத்தார். சன்னல் வழியாகக் கொய்யா மரத்தைக் காட்டினார்.

"கூடு ஒரு பக்கம் ஈரமாகியிருக்கும்மா. வெளிய வரப்போகுது."

"நான் பையனைக் கேட்டா நீங்க பூச்சியக் காட்டறீங்க."

சாமி மறுபடி புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

மயிலாத்தாள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினாள். சின்ன வயசு. பிள்ளை பெற்றவரும் இல்லை. பிள்ளை வருகிறான் என்றால் என்னவென்று இவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தாள். நினைத்ததற்கு உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

*

வெள்ளிக்கிழமை காலையில் செங்கோடன் கூப்பிட்ட கூப்பாட்டில் மடமே வெளியே வந்தது. மடம் என்றால் சாமியும் மயிலாத்தாளும்தான்.

கூட்டுக்குக் கீழே ஒரு பூச்சி தொங்கியது. ஈரமாக, கசங்கின துணிபோலச் சிறகு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிறகு இறங்க ஆரம்பித்தது. மடித்து வைத்த புடவையை யாரோ மெதுவாகப் பிரிக்கிறதுபோல் இறங்கிக்கொண்டே வந்தது. சூரியன் கொஞ்சம் மேலே வந்தபோது முழுதாக விரிந்து நின்றது.

மயிலாத்தாள் ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து விரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதைவிடப் பெரியதாக இருந்தது.

செங்கல் நிறம். ஓரத்தில் மஞ்சள். ஒவ்வொரு சிறகிலும் முக்கோணமாக ஒரு சன்னல். கண்ணாடிக் காகிதம் ஒட்டினதுபோல அதன் வழியாக அந்தப் பக்கத்து இலை தெரிந்தது. மேல் சிறகின் நுனி ரெண்டும் வளைந்து, பாம்பு தலையைத் திருப்பிப் பார்க்கிறதுபோல் இருந்தது.

"கிட்டப் போகாதீங்கம்மா, கடிக்கும்" என்றான் செங்கோடன், ரெண்டு அடி தள்ளி நின்றுகொண்டு.

"என்ர கையில தின்னு வளந்தது. என்னையக் கடிக்குமா?"

"இதுவா அந்தப் புழு?"

"இதுதான்டா."

மயிலாத்தாள் கைகூப்பினாள். "சிவசிவா" என்றாள். இத்தனை நாள் அந்தக் கூட்டுக்குள் பட்டினியாகக் கிடந்திருக்கிறது. முதலில் வயிற்றுக்கு ஏதாவது வேண்டும்.

கொய்யாத் தளிரைக் கொண்டுவந்து முன்னால் நீட்டினாள். பூச்சி திரும்பிப் பார்க்கவில்லை. பழுத்த கொய்யாவை உடைத்து வைத்தாள். அதற்கும் இல்லை. ஒரு மூடியில் தேன் ஊற்றி வைத்தாள். முன்கால் தேனில் பட்டதும் காலை இழுத்துக்கொண்டது.

"இரு, வர்றேன்" என்று அதனிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே வேலை நிறைய இருந்தது.

*

சென்னியப்பன் வெயில் உச்சிக்கு வந்தபோது வந்தான்.

இளைத்திருந்தான். காதோரம் நரை. சாமியை விழுந்து கும்பிட்டான். அம்மாவைப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

"நல்லாருக்கியாம்மா?"

"வா சாமி, வா. கையக் கழுவு. மொதல்ல சாப்பிடு. அப்புறம் பேசலாம்."

சாப்பாட்டுக் கூடத்தில் தலைவாழை இலை போட்டிருந்தாள். அவன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். அரிசிம்பருப்புச் சோறு வாசம் கூடம் முழுக்க நிறைந்திருந்தது. மயிலாத்தாள் சட்டியோடு வந்தாள்.

"வேண்டாம்மா" என்றான்.

"என்னது?"

"வர்ற வழியில சாப்பிட்டுட்டேன்."

"எங்க?"

"ராசிபுரத்துல."

"என்ன சாப்பிட்டே?"

"ஏதோ சாப்பிட்டேம்மா."

"ஒரு கரண்டி போடறேன். அடியில சுரண்டினது. உனக்குன்னு விட்டு வச்சேன்."

அவன் ரெண்டு கையையும் இலைமேல் விரித்துக்கொண்டான். அவன் அப்பாவின் கைபோலப் பெரிய கை. இலை முக்கால்வாசி மறைந்துபோனது.

மயிலாத்தாளுக்கு நெஞ்சுக்குள்ளிருந்து அந்தப் பழைய வார்த்தை கிளம்பி வந்தது. தொண்டைக்கு வந்துவிட்டது. நாக்கு நுனிக்கும் வந்துவிட்டது. அவனும் அதற்காகவே காத்திருக்கிறவன்போல் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் கச்சாயத்துக்குக் காய்ச்சின வெல்லப்பாகு ஒரு கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே போனாள்.

பூச்சி காலையில் இருந்த இடத்திலேயே இருந்தது. தேன் மூடியில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

"நீயாவது தின்னு" என்றாள்.

விரலைப் பாகில் தோய்த்து அதன் முகத்தில் வைத்தாள். அது தலையைத் திருப்பியது. இவள் விடவில்லை. இன்னொரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அப்பினாள். "தின்னு. ஒரே ஒரு வாய். தின்னு."

பூச்சி படபடவென்று அடித்துக்கொண்டது. கால் பாகில் ஒட்டியது. சிறகு ஓரம் அவள் விரலில் ஒட்டியது. இழுத்ததில் கிழிந்தது. செங்கல் பொடி அவள் கையெல்லாம் உதிர்ந்தது.

"அம்மா."

சாமி சத்தம் போடவில்லை. ஆனால் அவள் கை நின்றுவிட்டது.

அவர் மேல்துணியின் நுனியைத் தண்ணீரில் நனைத்தார். பூச்சியின் ஒவ்வொரு காலாகத் துடைத்தார். முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் ஆனது. கடைசியில் பூச்சி கிளையைப் பிடித்துக்கொண்டு அடங்கியது. சிறகின் கீழோரத்தில் மட்டும் ஒரு கிழிசல்.

"கொன்னுட்டனுங்களா சாமி?"

"இல்லைம்மா."

"பசியோட இருக்குதுங்களே. எதை வச்சாலும் வேண்டாம்ங்குது. எல்லாமே என்னைய வேண்டாம்ங்குது."

சாமி இடுப்பில் செருகியிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"வாய் எங்க இருக்குன்னு பாத்துட்டு ஊட்டுங்க."

மயிலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் பிடித்தாள். கண் தெரிந்தது. தலைமேல் சின்ன இறகுபோல ரெண்டு உணர்கொம்பு தெரிந்தது. கண்ணுக்குக் கீழே வாய் இருக்க வேண்டிய இடத்தில் மயிர்தான் இருந்தது. விலக்கி விலக்கிப் பார்த்தாள்.

"எங்கீங்க?"

"பாருங்க."

"இல்லீங்களே. சாமி, இதுக்கு வாயே இல்லீங்களே."

"இல்லை."

"பொறந்ததே இப்படித்தானா?"

"சிறகு வந்தா வாய் கிடையாது. இதோட இனம் முழுக்க அப்படித்தான்."

"அப்பத் தின்னவே தின்னாதுங்களா?"

"ஒரு வாரமோ கொஞ்சம் கூடவோ இருக்கும். துணை தேடி வரும். முட்டை வைக்கும். அது வரைக்கும் ஒரு பருக்கை தின்னாது."

மயிலாத்தாள் கண்ணாடியை இறக்கினாள். அந்தப் பெரிய சிறகைப் பார்த்தாள். அது மெதுவாக ஒருமுறை மூடித் திறந்தது.

"அப்புறம் எதை வச்சுங்க உசுரோட இருக்கும்? இத்தாம்பெரிய ரெக்கைய எதை வச்சுங்க அடிக்கும்?"

சாமி கொய்யா மரத்தைக் காட்டினார்.

"அன்னிக்கு நீங்க போட்ட இலை."

செங்கோடன் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எல்லாத்துக்கும் அதுவேதானுங்களா?"

"எல்லாத்துக்கும்."

மயிலாத்தாள் வாய்க்காலில் குனிந்து கையைக் கழுவினாள். வெல்லப்பாகு போகிற வரைக்கும் ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவினாள். கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

*

சென்னியப்பன் எழுந்திருக்கவில்லை. காலி இலைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தான்.

மயிலாத்தாள் இலையை எடுத்துச் சுருட்டி ஓரமாக வைத்தாள். சட்டியை மூடினாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் மடக்க மடக்கச் சிரமப்பட்டு, இலை இருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லை சாமி."

"கோவமா?"

"இல்லை."

"வேற என்ன?"

"சும்மா உக்காரலாம்னு."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ இப்படி உக்காந்து நான் பாத்ததே இல்லைம்மா" என்றான். "சின்னதுல இருந்தே. சாப்பிட உக்காந்தா எனக்கு உன்ர காலுதான் தெரியும். வரும், போகும். மறுபடி வரும்."

மயிலாத்தாள் தன் காலைப் பார்த்துக்கொண்டாள். புடவைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

"சொல்லு" என்றாள்.

"என்ன சொல்றது?"

"என்னவோ சொல்லத்தானே வந்தே."

அவன் தரையில் விரலால் ஏதோ கோடு போட்டான். அழித்தான். மறுபடி போட்டான். அவள் அவசரப்படுத்தவில்லை.

"அன்னிக்கு நானும் யோகாவும் வீட்டுக்கு வந்தமில்ல."

"ம்."

"அதுக்கு முந்தின வாரம்தான் அவ வயித்துல இருந்த கொழந்தை தங்காமப் போயிருச்சும்மா. யாருக்கும் தெரியாது. உன்கிட்டச் சொல்லி அழுகலாம்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

உள்ளே அடுப்பில் பாயசத்துக்கு வைத்த பால் பொங்கி, நெருப்பில் வழிகிற சத்தம் கேட்டது.

மயிலாத்தாள் எழுந்திருக்கவில்லை.